நடமாடும் வீடு: உமணர் வண்டி முதல் கேம்பர் வேன் வரை

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விளக்கு ஆகியவற்றை உள்ளே அமைத்து, ஒரு குடும்பம் தங்கியபடியே பயணம் செய்ய உதவும் வண்டியைக் கேம்பர் வேன் அல்லது காரவன் என்கிறார்கள். இது மேல்நாட்டுப் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிச் செல்வது தமிழருக்கு ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழக்கம். அத்தகைய வண்டியை முதன்முறையாக வாங்குபவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்ற கேள்வியும் அவ்வளவு பழமையானதே. வண்டியின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் அதற்கான விடை கிடைக்கிறது. அந்த விடை இன்றைய இயற்பியலோடு முற்றிலும் ஒத்துப்போகிறது.

உமணர் கண்ட வண்டி

தூத்துக்குடி மாவட்டத்தில் விளாத்திகுளம் வட்டத்தைச் சேர்ந்த ஊர் குளத்தூர். கிழக்கே சிறிது தூரத்தில் கடல், கடலோரத்தில் உப்பளங்கள். மேற்கே எட்டையபுரம், கோவில்பட்டி வரை கரிசல் காடு. கடற்கரையில் விளையும் உப்பு உள்நாட்டுக்குப் போக வேண்டும். உள்நாட்டுத் தானியம் கடற்கரைக்கு வர வேண்டும். லாரி வருவதற்கு முன் இந்தப் போக்குவரத்தைத் தாங்கியது மாட்டு வண்டிதான்.

சங்க காலத்தில் உப்பு வணிகம் செய்தவர்கள் உமணர். அவர்கள் குடும்பத்தோடு வண்டியிலேயே ஊர் ஊராகச் சென்றார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இந்த வண்டியின் வருணனை உள்ளது. வண்டிக்கு வேய்ந்த கூரை உண்டு. கோழி தங்கும் கூடு உண்டு. காடி வைத்த கலத்தைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். குழந்தையுடைய தாய் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். உறைவிடம், உணவு, பயணம் மூன்றும் ஒரே வண்டியில் அடங்கிவிட்டன அல்லவா?

இதைவிட முக்கியமான செய்தி ஔவையார் பாடிய புறநானூற்று 102ஆம் பாடலில் கிடைக்கிறது. மேடு வரலாம், பள்ளம் வரலாம், வழியில் என்ன நேரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே உமணர் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிச் சென்றார்கள். சேம அச்சு என்றால் பழுதானால் மாற்றுவதற்கென்று வைத்திருக்கும் அச்சு. கூரை பிய்ந்தாலும் பயணம் தொடரும். அச்சு முறிந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். எந்த உறுப்பு உயிரானது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கரிசல் மண் வைக்கும் சோதனை

கரிசல் மண்ணில் ஸ்மெக்டைட் வகைக் களிமண் மிகுதி. இதன் நுண்ணிய அடுக்குகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் ஆளின் கால் நுழையும் அளவு வெடிப்பு; ஐப்பசி, கார்த்திகையில் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் சேறு. இந்த இரண்டையும் சமாளிக்க ஆசாரிமார் கண்ட வழி உயரமான சக்கரம்.

உயரத்தால் என்ன நன்மை? சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 5 செ.மீ. உயரமுள்ள ஒரு மேட்டின் மேல் சக்கரம் ஏற வேண்டும். வண்டியை அச்சின் உயரத்தில் கிடைமட்டமாக இழுப்பதாகக் கொள்வோம். மேட்டின் விளிம்பைச் சுற்றித் திருப்புத்திறனைச் சமன்செய்தால் இழுவிசை கிடைக்கும். சக்கரத்தின் விட்டம் 150 செ.மீ. ஆனால், அதன் மேல் உள்ள பாரத்தில் 38 விழுக்காட்டு விசை போதும். விட்டம் 60 செ.மீ. ஆனால் 66 விழுக்காடு தேவை. அதே மேடு, அதே பாரம். ஆனால் மாட்டின் உழைப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடுகிறது.

வெடிப்பைக் கடப்பதற்கும் பெரிய சக்கரமே நல்லது. சிறிய சக்கரம் வெடிப்புக்குள் ஆழமாக இறங்கிவிடும்; பெரிய சக்கரம் இரு ஓரங்களிலும் தாங்கி, சற்றே அழுந்திக் கடந்துவிடும்.

பட்டாவும் இருசும்

மரச் சக்கரத்தின் நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றின் முனைகளை இணைப்பவை வட்டைகள். இவை அனைத்தையும் இறுக்கிப் பிடிப்பது வெளியே போடும் இரும்புப் பட்டா. பட்டாவை ஆணி அடித்து நிறுத்துவதைவிட வெப்பத்தால் இறுக்குவதே சிறந்த முறை.

இரும்பு, ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் தன் நீளத்தில் 10 இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீளும். 150 செ.மீ. விட்டமுள்ள பட்டாவின் சுற்றளவு 471 செ.மீ. அதை 500 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் சுற்றளவு ஏறத்தாழ 2.8 செ.மீ. கூடும். ஆகவே சற்றே சிறிதாகச் செய்த பட்டாவைக் காய்ச்சிச் சக்கரத்தில் மாட்டி உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டா சுருங்கும்போது ஆரக்கால்கள் குடத்துக்குள்ளும் வட்டைக்குள்ளும் அழுந்தி உட்காரும். கொல்லுப் பட்டறையில் நடந்தது வெப்ப விரிவுப் பாடத்தின் செய்முறைதான்.

அடுத்தது இருசு எனப்படும் அச்சு. பாரம் முழுவதும் அதன் மேல் வளைவுத் தகைவாக இறங்குகிறது. வட்டமான ஒரு தண்டின் வளைவைத் தாங்கும் வலிமை, விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தேய்மானத்தாலோ துருவாலோ விட்டம் 10 விழுக்காடு குறைந்தால் வலிமை 27 விழுக்காடு குறைந்துவிடும். கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் தேய்வு உண்மையில் சிறிதன்று.

திருவள்ளுவர் இரண்டு குறள்களில் இந்த உறுப்புகளைச் சான்றாகக் கொள்கிறார். மயில்தோகையே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது 475ஆம் குறளின் செய்தி. உருளும் பெரிய தேருக்கும் சிறிய அச்சாணி வேண்டும் என்பது 667ஆம் குறளின் செய்தி. வாழ்க்கைக்குச் சொன்ன உவமைகள்தாம் என்றாலும் இரண்டும் பிழையற்ற பொறியியல்.

கூண்டு வண்டியும் வில் வண்டியும்

உமணருக்குப் பின்னும் வீட்டைப்போன்ற வண்டி மறையவில்லை. மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு வண்டியில் திருச்செந்தூருக்கும் கழுகுமலைக்கும் குடும்பங்கள் திருவிழாவுக்குப் போனார்கள். உள்ளே வைக்கோல் பரப்பி மேலே சமுக்காளம் விரித்தால் அதுவே படுக்கை. இரவு தங்குமிடத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டிக்கு அருகிலேயே கல் கூட்டி அடுப்பு மூட்டுவார்கள்.

வசதியுள்ளவர்கள் வில் வண்டி வைத்திருந்தார்கள். எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில், அச்சுக்கும் தட்டுக்கும் இடையே அமைந்தது. குழியில் சக்கரம் திடீரென்று இறங்கும்போது வில் வளைந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வைத் தணிக்கும். இன்றும் லாரியின் அடியில் குனிந்து பார்த்தால் அதே வில்லைக் காணலாம்.

இரட்டைச் சக்கர வண்டி ஓட்டியவர்கள் ஒரு சொல்லை ஓயாமல் சொல்வார்கள்: முன்பாரம், பின்பாரம். அச்சுக்கு முன்னால் பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலெழும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். பாரத்தின் ஈர்ப்பு மையம் அச்சுக்குச் சற்றே முன்னால் இருப்பதுதான் சரி. இதைத் தராசில் நிறுக்காமல் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்தே கண்டுகொண்டார்கள்.

மேல்நாட்டில் நடந்தது

ஐரோப்பாவில் நாடோடிகளும் சர்க்கஸ்காரர்களும் குதிரை வண்டியில் குடியிருந்தது உண்டு. ஆனால் பொழுதுபோக்குப் பயணத்துக்கென்றே வீட்டு வண்டி செய்துகொண்டவர்களில் முன்னோடி, வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றியவர். 1885இல் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்று அவருக்காக ‘வாண்டரர்’ என்ற வண்டியைக் கட்டியது. அதன் எடை ஏறத்தாழ 2 டன். இரண்டு குதிரைகள் இழுத்தன. இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் வடபகுதி வரை 1300 மைல் பயணத்தை அவர் நூலாக எழுதினார். வண்டி கனமானது; ஏற்றங்களில் குதிரைகள் திணறின. எடையே நடமாடும் வீட்டின் முதல் எதிரி என்பதை அந்தப் பயணம் காட்டியது.

1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். அதற்கு முன்பே, 1845இல், ராபர்ட் தாம்சன் இத்தகைய டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். காற்று டயர் மண்ணை அழுத்தும் அழுத்தம், அதனுள் உள்ள காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். இரும்புப் பட்டாவைப்போல ஒரு கோட்டில் வெட்டாமல் பாரத்தைப் பரப்பிவிடும். நம் நாட்டிலும் பின்னர் டயர் வண்டிகள் பெருகியதற்கு இதுவே காரணம்.

1950இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் பெட்டி போன்ற வேன் ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கியது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் பொருத்தும் படுக்கை, அலமாரி ஆகியவற்றைச் செய்தது. கேம்பர் வேன் உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான். நம் நாட்டில் 1987இல் வந்த டெம்போ டிராவலர் போன்ற வேன்களை இவ்வாறு மாற்றி அமைக்கிறார்கள். கேரள அரசு 2021இல் காரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. மோட்டார் காரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் இந்தியாவில் உண்டு.

முதன்முறை வாங்குபவருக்கு

இனி வரலாறு தரும் பாடத்தைத் தொகுத்துப் பார்ப்போம். முதன்முறை வாங்க வருபவரின் கண்ணை மரவேலைப்பாடும் வண்ண விளக்கும் இழுக்கும். ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு அங்கே செலவாகப் போகிறது. ஆகவே உமணர் பார்த்த வரிசையிலேயே, கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அச்சும் அடிச்சட்டமும். வேனைத் தூக்கி நிறுத்தச் செய்து, அடிப்பகுதியில் துரு, பற்றவைத்த தழும்பு, எண்ணெய்க் கசிவு ஆகியவை உண்டா என்று பார்க்க வேண்டும். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அமைப்பிலோ வில்லிலோ கோளாறு இருக்கக்கூடும். உப்புக் காற்று வீசும் கடற்கரை ஊரில் ஓடிய வண்டியானால் துருவை இரட்டைக் கவனத்தோடு தேட வேண்டும்.

இரண்டாவது எடை. பதிவுச் சான்றில் வண்டியின் வெற்று எடையும், பாரத்தோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் இருக்கும். எடுத்துக்காட்டாக, வெற்று எடை 2500 கிலோ, அனுமதி 3500 கிலோ என்க. படுக்கை, அலமாரி, குளிர்பெட்டி, மின்கலம் 450 கிலோ. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. எரிவாயு உருளைகள் 30 கிலோ. 65 கிலோ வீதம் 5 பேர் 325 கிலோ. சாமான்கள் 100 கிலோ. கூட்டிப் பாருங்கள்: 3505 கிலோ! ஆடம்பரம் எதுவும் இல்லாமலே வரம்பு தாண்டிவிட்டது. முழுப் பாரத்தோடு எடை மேடையில் நிறுத்தி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பது நல்லது. முன்பாரமும் பின்பாரமும் அங்கே எண்ணாகத் தெரிந்துவிடும்.

மூன்றாவது உயரம். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடைவெளி 1.6 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 1 மீட்டர் என்றால், வண்டி ஏறத்தாழ 39 டிகிரி சாயும் வரை கவிழாது. கூரை மேல் தொட்டியும் சாமான்களும் ஏறி ஈர்ப்பு மையம் 1.25 மீட்டர் ஆனால் அந்தக் கோணம் 33 டிகிரியாகக் குறையும். வளைவில் திரும்பும்போது வில் சாய்வதால் உண்மையில் இன்னும் குறையும். கனமானவை தரைமட்டத்தில் இருக்கட்டும்.

நான்காவது நெருப்பும் காற்றும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே தரையோரத்தில் காற்றுப் போக்கி இருக்க வேண்டும். மூடிய வேனுக்குள் அடுப்பை எரித்தபடி தூங்குவது கூடாது. காற்றுப் போதாமல் எரிந்தால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உண்டாகி உயிரைக் குடிக்கும்.

ஐந்தாவது ஆவணம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. மாற்றம் முறைப்படி ஏற்கப்பட்டுப் பதிவாகியுள்ளதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். இல்லையெனில் விபத்து நேர்ந்தால் காப்பீடு பெறுவதும் சிக்கலாகும்.

இவை எல்லாம் சரியானால் மெத்தையின் மென்மையையும் திரைச்சீலையின் நிறத்தையும் பற்றிப் பேசலாம். அவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள முடியும்.

உமணர் சுமந்த சேம அச்சு ஒரு மரத்துண்டு மட்டுமன்று. வழி எப்படி இருக்கும் என்று தெரியாதபோது, எது உடைந்தால் பயணம் நிற்கும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்த அறிவு அது. மாற்று டயரும், தூக்கியும், எண்ணிப் பார்க்கும் அந்தப் பழக்கமும் வண்டியில் இருக்கட்டும். கரிசல் காடானாலும் நெடுஞ்சாலையானாலும் வீடு நம்மோடு பத்திரமாக வந்து சேரும்.