வாட்டமும் தூம்பும்

வைகைக் கரையை அடுத்த கீழடியில் 2014-ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் பாசிமணிகளும் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் உலகத்தாரின் கவனத்தைக் கவர்ந்தன. ஆனால் அவற்றோடு கூடவே ஏராளமாக வெளிப்பட்ட கூரை ஓடுகளை நின்று பார்த்தவர் மிகச் சிலர். இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேற்பட்ட அந்த ஓடு ஒன்றை உற்று நோக்கினால், அதன் மேல் விளிம்பில் கயிறோ நாரோ கோத்து மரச் சட்டத்தோடு பிணைப்பதற்கென்று இடப்பட்ட இரண்டு துளைகளும், களிமண் ஈரமாயிருக்கும்போதே விரலால் இழுக்கப்பட்ட பள்ளங்களும் தெளிவாகத் தெரியும். துளைகள் காற்றுக்காக; பள்ளங்கள் மழைநீர் தேங்காமல் வழிந்தோடுவதற்காக. காற்றைத் தாங்கிக் கட்டுதல், நீருக்கு வழி விடுதல் என்னும் இவ்விரண்டையும் தவிர, கூரையைக் காக்கும் சாஸ்திரத்தில் அடிப்படையாக வேறொன்றைப் பின்வந்த நூற்றாண்டுகள் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டின் வானிலை கூரைக்கு வைக்கும் சோதனை விசேஷமானது. சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,300 முதல் 1,400 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறதென்றால், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களுக்குள் அடைமழையாகவும் புயலாகவும் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதற்கு முந்திய மாதங்களிலோ, அக்கினி நட்சத்திரத்தின் வெயிலில் தளம் கால் வைக்க முடியாதபடி கொதித்து விரிந்து, இரவில் சுருங்கி, மறுநாள் மீண்டும் விரிகிறது. இவ்வாறு விரிந்து சுருங்கியதால் உண்டான மயிரிழை வெடிப்புகளுக்குள்தான் ஐப்பசி மழையின் முதல் துளி இறங்குகிறது. கடற்கரையூர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ள, இரும்பு துருவேறுகிறது. சுவரில் ஓதம் ஏறுகிறது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டுச் சில நாட்களில் முழுக நனையும் கூரைக்கு வேண்டிய பாதுகாப்பு, இடைவிடாமல் தூறும் தேசங்களின் கூரைக்கு வேண்டியதினின்றும் முற்றிலும் வேறு.

எல்லோருக்கும் ஒரே விதமான கூரை வாய்க்கவில்லை என்பதையும் சரித்திரம் மறைக்கவில்லை. சோழ மன்னர்களின் செப்பேடுகள் ஓர் ஊரைத் தானமாக அளிக்கும்போது அதைப் பெற்றவர்களுக்குரிய உரிமைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகின்றன. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளும் அநுமதியும் அவ்வரிசையில் ஒன்றாக இடம் பெறுகிறது. கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு கூடிய அரசன் ஒருவனின் கல்வெட்டு, கொங்கு நாட்டுக் கம்மாளர்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும், காலில் செருப்பணிந்து வெளியே செல்லவும், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளவும் உரிமை வழங்குகிறது. ஊரார் வீடுகளையும் கோயில்களையும் தம் கையால் கட்டிக் கொடுத்த தச்சரும் கல்தச்சரும் உட்பட்ட ஒரு சமூகம், தன் சொந்தச் சுவரை மழையினின்று காத்துக்கொள்ள அரசனுடைய ஆணைக்குக் காத்திருந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஒழுகாத கூரையும் ஊறாத சுவரும் பிறப்பாலும் பதவியாலும் அளந்து கொடுக்கப்பட்ட பண்டங்களாக இருந்தன.

பெரும்பாலான ஜனங்கள் பனையோலையின் கீழும் தென்னங்கீற்றின் கீழும் வாழ்ந்தனர். கோடையில் பழைய ஓலையைப் பிரித்துப் புதிது வேய்ந்துகொள்வது, விதைப்பதும் அறுப்பதும் போல வருஷத்தின் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. சற்று வசதியுள்ளவர்கள் நாட்டு ஓடு போட்டுக்கொண்டார்கள். குயவர் சக்கரத்தில் குழல்போல வனைந்து, ஈரம் காயுமுன் நெடுக்காக இரண்டாகப் பிளந்து சூளையில் வேக வைத்த இந்த ஓட்டை, மல்லாந்த வரிசை ஒன்று, அதன் மேல் கவிழ்ந்த வரிசை ஒன்று என்று அடுக்கினார்கள். குரங்கு ஓடினாலும் பூனை தாவினாலும் நாட்டு ஓடு நகர்ந்துவிடும். ஆகையால் புரட்டாசி பிறப்பதற்குள் ஆள் வைத்து ஓடு மாற்றுவது தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்துவந்தது. உடைந்ததை எடுத்து, பாசி படிந்ததைச் சுரண்டி, இடையில் அடைந்த சருகையும் எலிக்கூட்டையும் அப்புறப்படுத்தி, மீண்டும் அடுக்கிவிட்டு இறங்கும் அந்த ஆளுக்கு வீட்டின் கூரையில் எந்த மூலை பலவீனம் என்பது வீட்டுக்காரரைக் காட்டிலும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

பலவீனமான மூலை பெரும்பாலும் கூடல்வாய்தான். இரண்டு சரிவுகள் சந்திக்கும் அந்த இடத்தில் இரு புறத்து நீரும் ஒன்றுசேர்ந்து பாய்வதால், அங்கே சிறிது அடைப்பு ஏற்பட்டாலும் வெள்ளம் ஓட்டுக்கு அடியில் புகுந்துவிடும். செட்டிநாட்டுப் பெருவீடுகளில் இதற்கெனச் செய்த ஏற்பாடு மிக அழகியது. நாட்டு ஓட்டை அடுக்கின் மேல் அடுக்காகப் பரப்பி, கூடல்வாயில் உலோகத் தகடு பதித்து, நான்கு புறத்து மழையையும் முற்றத்தில் இறங்கச் செய்து, அங்கே அண்டாக்களில் பிடித்தது போக எஞ்சியதைக் கல் பாவிய வடிகால் வழியாகத் தெருவுக்கும் ஊருணிக்கும் அனுப்பினார்கள். வறண்ட பூமியில் வாழ்ந்தவர்களுக்குக் கூரையில் விழுந்த நீர் விரட்டப்பட வேண்டிய பகையாகத் தோன்றவில்லை. தக்க வழியில் அழைத்து வரவேண்டிய விருந்தாகவே இருந்தது.

எனினும், தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் திறமை உச்சத்தைத் தொட்டதென்று நான் கருதுவது, மதராஸ் டெர்ரஸ் என்று பெயர் பெற்ற தட்டைத் தளத்தில்தான். மழை கொட்டும் தேசத்தில் சரிவுக் கூரையை விட்டுத் தட்டையான மாடி கட்டத் துணிவதற்கு அபார நம்பிக்கை வேண்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளிலும் ஜார்ஜ் டவுன் கிடங்குகளிலும் கம்பெனி காலத்து மாளிகைகளிலும் இன்றளவும் காணக்கூடிய இத்தளத்துக்குப் பலகைச் சாரம் கட்டித் தாங்கு கொடுப்பதில்லை. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்குக் கட்டைகளை ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சுவரின் மேல் கிடத்தி, சாதாரணச் செங்கல்லினும் மிக மெல்லிய தளச் செங்கல்லை மூலையிலிருந்து தொடங்கிக் கோணலாக, குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்து தடவி ஒட்டிக்கொண்டே வருவார்கள். முன்பு ஒட்டிய வரிசையே அடுத்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும்.

அது இறுகிய பின்னர்தான் மழைக்கு எதிரான வேலை ஆரம்பமாகும். உடைத்த செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து மூன்று நான்கு அங்குல கனத்துக்குப் பரப்புவார்கள். சென்னை மேஸ்திரிகள் அதைச் சுருக்கி என்பார்கள். சுண்ணாம்பு பழவேற்காடு முதலான உப்பங்கழிகளில் அள்ளிய கிளிஞ்சலைச் சூளையில் நீற்றியது. மாடு சுற்றும் செக்கில் அரைபட்டு வெண்ணெய்போலக் குழைந்தது. பரப்பிய சுருக்கியின் மேல் சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கையில் மரக்கட்டை பிடித்து, வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து நாட்கணக்கில் தட்டுவார்கள். கைகள் ஒன்றுசேர விழும்படி பாட்டும் நடக்கும். தட்டத் தட்டத் தளத்தின் ஓசை மாறும். முதலில் மந்தமாக ஒலித்தது பிறகு கணீரென்று எழும்பும். கட்டை விழுந்த இடத்தில் தடம் பதியாமல் எகிறும். அப்போதுதான் மேஸ்திரி போதுமென்பார். இந்தப் பெண்களுடைய பெயர் எந்தக் கட்டடத்தின் கல்வெட்டிலும் இல்லை; ஆனால் நூறு வருஷம் ஒழுகாமல் நின்ற தளத்துக்குத் திட்டம் வரைந்த எஞ்சினீயரைக் காட்டிலும் அவர்களுடைய தோள்களே பெரிதும் பொறுப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வெல்லமும் கடுக்காயும் வெறும் சம்பிரதாயத்துக்காகச் சேர்ந்தவை அல்ல. சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு அதிகமாகக் கரைகிறது. கரைந்த சுண்ணாம்பு ஜல்லியின் நுண்துளைகளுக்குள் இறங்கி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி மீண்டும் கல்லாகிறது. பின்னாளில் வெயிலால் சிறு வெடிப்பு கண்டாலும், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அதை ஓரளவு அடைத்துக்கொள்கிறது. இந்த நயத்தை அந்நியரும் கண்டு வியந்தனர். செயிண்ட் ஹெலினாத் தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் உயர்ந்த சாந்து செய்யும் முறையை விவரித்து எழுதிய குறிப்பு, 1732-ஆம் ஆண்டளவில் லண்டன் ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் வெளியாயிற்று. நம் ஊர்க் கொத்தனாரின் வெல்லமும் வேக வைத்த பயற்று நீரும் கடுக்காய்க் கஷாயமும் அதில் அளவோடு பேசப்படுகின்றன. நம்மவர் எவரும் அதுபோல் அச்சில் ஏற்றி வைக்கவில்லையே என்பது என் மனத்தாங்கல்.

சுருக்கியின் மேல் தட்டோடுகளைச் சாந்தில் பதித்து, ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேராக வராதபடி அடுக்கி முடித்த பின்பு, கொத்தனார் ஒரு செம்பு தண்ணீரைத் தளத்தின் தொலைவு மூலையில் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நீர் எங்கும் தயங்காமல் தூம்பை நோக்கி ஓடினால் வாட்டம் சரி. எங்கேனும் தேங்கினால் அங்கே மறுபடியும் கரண்டி இறங்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் இடத்தில் சாந்தை வளைவாகப் பூசி மூலையை ஒழித்துவிடுவதும், தூம்பைச் சுவருக்கு வெளியே நன்றாக நீட்டி வைத்து நீர் சுவரில் வழியாதபடி செய்வதும் அவர்கள் ஒருபோதும் மறவாத கிரமங்கள். தூம்பின் வாயில் ஒரு சருகு அடைத்துக்கொண்டால் மேலே குளம் கட்டும். பறவை எச்சத்தில் வந்த அரசம் விதை ஒன்று முளைத்து வேர் விட்டால் பத்து வருஷத்தில் சுவரையே பிளந்துவிடும். ஆகையால் மழைக்கு முன் மாடிக்குப் போய்த் தூம்பு குத்துவதும் செடி பிடுங்குவதும் வீட்டின் மூத்தவர்களுடைய நியமமாயிருந்தது.

மங்களூர் ஓட்டின் கதை வேறு. பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் 1865-இல் மங்களூரை அடுத்த ஜெப்புவில், நேத்திராவதி ஆற்றங்கரைக் களிமண்ணைக் கொண்டு தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் சிவந்த ஓடுகள் நாடெங்கும் பரவின. சதுர மீட்டருக்கு ஏறத்தாழப் பதினைந்து ஓடுகளே போதும். அடுக்கின் பாரம் குறைந்தது. குரங்கின் கால் பட்டாலும் எளிதில் நகராது. வருஷந்தோறும் ஓடு மாற்றும் ஆளும், அவருக்கு ஓடு வனைந்து கொடுத்த குயவரும் மெல்ல மெல்ல வேலை இழந்தார்கள்.

பின்னர் சிமெண்டு வந்தது. 1904-இல் சென்னையில் கடற்சிப்பியைக் கொண்டே சிமெண்டு செய்யும் முதல் முயற்சி நடந்து, நிலைக்காமல் போயிற்று. 1930-களில் மதுக்கரை ஆலை எழுந்த பின்பு கான்கிரீட் தளம் சாதாரண வீடுகளுக்கும் எட்டியது. கம்பி போட்ட கான்கிரீட் பலமானது என்பதில் ஐயமில்லை. தேக்குக்கும் பர்மாக் கப்பலுக்கும் காத்திராமல் ஏழை வீட்டுக்கும் உறுதியான மேல்தளம் கிடைத்தது பெரிய நன்மை. ஆனால் நீர் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு பருத்து, உள்ளிருந்தபடியே காரையைப் பிளந்து தள்ளும். இதை உணர்ந்த தமிழ்நாட்டு எஞ்சினீயர்கள் பழைய சுருக்கியை ஒரேயடியாகக் கைவிடாமல் கான்கிரீட்டின் தலைமேலேயே அதைப் போட்டு, க்ரூட் ஆயில் கலந்த சிமெண்டுச் சாந்தில் தட்டோடு பதித்தார்கள். கம்பியும் சிமெண்டும் கீழிருந்து சுமக்க, கிளிஞ்சலும் செங்கல்லும் மேலிருந்து குடை பிடித்த இந்தச் சமரசம் பல தலைமுறை வீடுகளைக் காத்தது. இப்போது தட்டுவதற்கு ஆள் கிடைப்பதில்லை என்றும் நாட்கள் அதிகம் பிடிக்கின்றன என்றும் சொல்லி, ரசாயனப் பூச்சுகளை டப்பாவிலிருந்து எடுத்துத் தடவுகிறோம். அவற்றுள் நல்லவையும் உண்டு. ஆயினும் வாட்டமில்லாத தளத்தில் எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்பதை நான் கண்டதில்லை.

2003-ஆம் ஆண்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, தெருவை நோக்கி நீட்டியிருந்த தூம்புகள் குழாய்களோடு இணைக்கப்பட்டுக் கிணற்றையும் நிலத்தையும் நோக்கித் திரும்பின. முற்றத்தில் அண்டா வைத்தவர்களுக்கு இதன் நியாயம் விளங்கச் சட்டம் வேண்டியிருக்கவில்லை.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பற்றிக் கூரையை இழந்தது. பொதுப்பணித் துறையினர் அதைப் புதுப்பிக்கப் புகுந்தபோது மறுபடியும் தேக்குக் கட்டையையும் சுண்ணாம்பையும் கடுக்காயையும் வெல்லத்தையும் தேடிச் சேகரிக்க வேண்டியதாயிற்று. பக்கத்திலுள்ள ஹுமாயூன் மஹாலையும் அவ்வாறே எடுத்துக் கட்டினார்கள். அரசாங்கத்தின் பெரிய கட்டடங்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் நம் தாத்தா காலத்துத் தளத்தின் கீழ் இன்னும் குடியிருப்பவர்களுக்குத்தான் நல்ல யோசனை சொல்ல ஆளில்லை. அவர்களுள் யாரேனும் ஒழுக்கைக் கண்டு, தளத்தின் மேல் சிமெண்டை வாரிப் பூசிவிட எண்ணினால், தயவு செய்து நிறுத்திக்கொள்ள வேண்டும். சிமெண்டு உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாது. அந்த ஈரம் சுவருக்குள் சொருகியிருக்கும் தேக்கின் முனையை வெளியே தெரியாமல் உளுக்கச் செய்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை முதலில் அழைத்து, வெடித்த தட்டோடுகளை மட்டும் பெயர்த்து, அடியிலுள்ள சுருக்கியை உலரவிட்டு, அதே கிளிஞ்சல் சாந்தால் அடைத்துப் பார்க்கட்டும். புரட்டாசிக்கு முன் அதற்கு ஒரு மாதமேனும் ஒதுக்க வேண்டும்.