கான்டர்பரி வழியும் கிடங்கில் வழியும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவரைக் கேளுங்கள். சாசர் பாடிய கான்டர்பரி எங்கே என்று சொல்லுவர். கிடங்கில் எங்கே என்று கேளுங்கள்; பலர் விழிப்பர். திண்டிவனத்தின் ஒரு பகுதியே கிடங்கில் அன்றோ!

ஆங்கிலக் கவிதையைப் பழிக்க இதனை எழுதவில்லை. அதன் வரலாறு தரும் பாடத்தைக் கற்கவே எழுதுகிறோம்.

1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். ஆண்டவனுக்கு இலத்தீன், அரசவைக்குப் பிரெஞ்சு, ஏர் பிடித்தவனுக்கு ஆங்கிலம் என்று மொழியிலும் மேல் கீழ் வகுக்கப்பட்டது. நாம் அறியாத பங்கீடா இது? தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்பதே வழக்காடியவனுக்கு விளங்காத நிலை. 1362-ல்தான் வழக்குகளை ஆங்கிலத்தில் நடத்தச் சட்டம் பிறந்தது.

அந்நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுந்தார். அரசுப் பணியாளர், பிரெஞ்சு கற்றவர். ஆயினும் மக்கள் மொழியிலே பாடினார். அவர் காட்டிய பயணிகளிடையே போர்வீரனோடு மாவு அரைப்பவனும் சமையற்காரனும் உழவனும் உண்டு. இலத்தீனில் கவிபாட வல்ல மில்டன், தம் பெருங்காப்பியத்தை 1667-ல் ஆங்கிலத்திலேயே தந்தார். உழவர் மகன் பர்ன்ஸ், 1786-ல் ஸ்காட்லாந்தின் ஊர்ப்பேச்சைக் கவிதையாக்கினார். எளியோர் வாழ்வும் எளியோர் மொழியும் கவிதைக்குத் தக்கவை என 1800-ல் முன்னுரை வரைந்தார் வேர்ட்ஸ்வொர்த்து. அரண்மனையை விட்டு மக்களை நாடியதால் ஆங்கிலக் கவிதை உயர்ந்தது. இதுவே பாடம்.

இப்பாடத்திற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டுமா? ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது, 269 அடிகள் கொண்ட சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் பாடியது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கிடங்கிலுக்கு வழி காட்டுவது. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என வழி நீளுகிறது. பட்டினத்திலே பரதவர் மீன் தருகின்றனர். வேலூரிலே எயினர் குடிப் பெண்கள் புளிச்சோறு தருகின்றனர். ஆமூரிலே உழவர் வெண்சோறு தருகின்றனர். உன் குலம் என்ன என்று கேட்ட பிறகா உணவிட்டனர்?

மன்னனைப் புகழ வந்த பாட்டுத்தான். ஆனால் பாணனின் பசியை அது மறைக்கவில்லை. இடிந்த அடுக்களை, அரித்துத் தின்ற கறையான், உப்பும் இல்லாமல் வேகும் குப்பைக்கீரை, பிறர் காணாதவாறு கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்ணும் நாணம். வறுமையை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய புலவரை ஏடுகளில் மட்டும் வைத்துப் பூட்டலாமா?

யாழ்ப்பாணத்து ஜே. வி. செல்லையா பத்துப்பாட்டை 1946-ல் ஆங்கிலக் கவிதையில் வழங்கினார். அதன்வழி கிடங்கிலின் பாதை ஆங்கிலத்திற்குள்ளும் சென்றுவிட்டது. கிடங்கிலில் வாழ்வோர் நெஞ்சுக்குள் செல்ல வேண்டாவா?

சாசரைப் படிப்போம், சரிநிகர் நின்று. நத்தத்தனாரைப் படிப்போம், நம்மை அறிந்து. மக்கள் மொழியைத் தாழ்ந்தது என்று எவன் சொன்னாலும், இரு நாட்டு வரலாற்றையும் எடுத்துக் காட்டி மறுப்போம்!