கடல் கடக்காத சுண்ணாம்பு

முந்தின நாள் மக்காச்சோள ரொட்டியைப் பிய்த்துப் பொரித்து, தக்காளி மிளகாய்ச் சாற்றில் புரட்டினால் மெக்சிகோவின் காலையுணவான சிலாக்கிலேஸ். நம் இட்லி உப்புமாவுக்கு உறவுமுறை எனலாம். இம்மூன்றும் 1492க்குப் பின் கடல் கடந்து வந்தவை. மிளகாய்க்கு மிளகின் பெயரையே சூட்டிக்கொண்டோம். தக்காளி ஒட்டன்சத்திரம் சந்தையை நிறைக்கிறது. திண்டுக்கல் சமவெளியின் மக்காச்சோளமோ பெரும்பாலும் கோழித்தீவனம்.

அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு ஊறவிட்டு அரைக்கும் மெக்சிக முறை தானியத்தோடு பயணப்படவில்லை. நியாசின் சத்து உடலில் சேர்வது அச்சுண்ணாம்பால்தான். முறையறியாது மக்காச்சோளத்தையே உண்டு வாழ்ந்த வட இத்தாலிய ஏழை உழவர்கள் பலர் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பெலாக்ரா நோய்க்குப் பலியாயினர். நம் பாட்டிமாரின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு இருந்தது, சொல்வாரில்லை.

வெறும் மாவில் நான் தட்டிய முதல் ரொட்டி விண்டுபோயிற்று. சுண்ணாம்பு நீரில் ஊறிய இரண்டாம் நாள் மாவே கைக்கு இணங்கியது.