சூசை என்றொரு பெயர்



பிரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிட்ட காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முனியாண்டி, காளியம்மா, ராமசாமி என்று போகும் வரிசையில் சவரிமுத்து, சூசை, லூர்துமேரி என்ற பெயர்களும் வரும். அவர்களும் அதே பால்வாளியைத் தூக்கியவர்கள், அதே லயத்தில் குடியிருந்தவர்கள். ஆனால் கூப்பிட்ட மாத்திரத்தில் வேதக்காரர் என்பது தெரிந்துவிடும். கழுத்தில் சிலுவை தொங்காவிட்டாலும் பெயர் சொல்லிவிடும்.

வெள்ளைக்காரன் சாமியைக் கும்பிடுகிறவன் தமிழனா என்று கேட்பவர் அன்றும் இருந்தார், இன்றும் இருக்கிறார். அவர் இந்தப் பெயர்களைச் சற்றுக் கவனித்துக் கேட்கவேண்டும். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர். அதைத் தமிழர் சின்னப்பர் ஆக்கினார்கள். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் முடி. அவர் முடியப்பர் ஆனார். யோசேப்பு, சூசை ஆனார். வீரமாமுனிவர் தேம்பாவணி பாடியபோது அந்தச் சூசைக்கே வளன் என்று பெயரிட்டுக் காப்பிய நாயகன் ஆக்கினார்.

இதற்கெல்லாம் வேர் பழையது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் நோபிலி, காவி உடுத்தித் தமிழ் கற்றார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715-இல் அச்சிட்டு முடித்தார். இவர்கள் வழிவந்த குடும்பங்கள் கப்பலேறியபோது தமிழ்ச் செபங்களும் தமிழ் வேதாகமமும் கூடவே வந்தன.

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886-இல் இரயில் ஓடத் தொடங்கியது. இரயில்வே வேலைக்கு வந்த தமிழர் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினர். அங்கே 1924-இல் லுத்தரன் சபையாரின் சீயோன் ஆலயம் எழுந்தது. அதற்கு முன்பே, 1910-இல், கோலாலம்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று புனித அந்தோணியார் கோவில் ஏற்பட்டிருந்தது. கிள்ளானில் லூர்து மாதா கோவில் 1928-இல் எழுந்தது. லூர்து என்பது பிரான்சில் ஒரு சிற்றூர். 1858-இல் அங்கே ஓர் ஏழைச் சிறுமி மாதாவைக் கண்டதாகச் சொன்னாள். அந்த ஊர்ப் பெயர் நம் தோட்டத்துப் பெண்களின் பெயராகிவிட்டதே, வேடிக்கைதான்!

கத்தோலிக்கர் கோவில், பூசை, சுவாமியார் என்பார்கள். லுத்தரன் சபையார் ஆலயம், ஆராதனை, ஐயர் என்பார்கள். சொல்லில்தான் சண்டை.

கத்தோலிக்கப் பூசை நெடுங்காலம் இலத்தீனில் நடந்தது. 1963-இல் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழிவிட்டது. ஆனால் லயத்து வீட்டில் மாலையில் விளக்கேற்றிச் சொன்ன செபமாலை அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தமிழ்தான். சுவாமியார் தோட்டத்துக்கு எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் உபதேசியாரும் வீட்டுப் பாட்டியும்தான் வேதத்தைக் காப்பாற்றினார்கள். இவர்களைப் பற்றிக் கோவில் மலர்களில் இரண்டு வரிக்கு மேல் காண்பது அரிது. எனக்கு அது பெருங்குறை.

சங்கடமான இடம் ஒன்று உண்டு. தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா வரும், வீட்டுக்கு வீடு வரி கேட்பார்கள். கொடுத்தால் சுவாமியார் முகம் கோணும். கொடுக்காவிட்டால் பக்கத்து வீட்டார் முகம் திரும்பும். அன்னதானத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தவர்கள் உண்டு. காசுக்குப் பதில் பந்தல்கால் நட்டுக் கொடுத்தவர்களும் உண்டு. திருநீறு வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சோற்றுப் பந்தியில் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். எந்த மறைநூலும் அந்த வழியை அவர்களுக்கு எழுதித் தரவில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வாழ்ந்தவர்கள் தாங்களே கண்டுகொண்டார்கள். தாலியில் சிலுவை பொறித்ததும், கோவில் வாசலில் பொங்கல் பொங்கியதும் அந்த வழிதான்.

பிறகு தோட்டங்கள் துண்டாயின, வீடமைப்புப் பகுதிகளாயின. சனங்கள் கிள்ளானுக்கும் செந்தூலுக்கும் பெயர்ந்தார்கள். பிள்ளைகளில் பலர் ஆங்கிலப் பூசைக்குப் போகிறார்கள். பிறப்புப் பத்திரத்தில் இப்போது ஜோசப் என்று இருக்கிறது. வீட்டில் தாத்தா மட்டும் இன்னும், "டேய் சூசை, சாப்பிட வா" என்றுதான் கூப்பிடுகிறார்.