மேயர் வராமல் போனால் ஊர் யாருக்கு?

ஆன்லைன் விளையாட்டு என்றவுடன் வாள், துப்பாக்கி, அடிதடி என்றுதான் பலருக்கும் நினைவு வரும். ஆனால் சில விளையாட்டுகளில் ஆட்டக்காரர்கள் சண்டை போட்ட நேரத்தைவிட வீடு கட்டி, கடை வைத்து, ஊர் உண்டாக்கிய நேரம்தான் அதிகம். அந்த ஊருக்கு ஒரு தலைவர் இருப்பார். அவரும் எல்லோரையும் போல ஒரு ஆள்தானே? அவருக்கும் பரீட்சை வரும், வேலை மாறும், கல்யாணம் ஆகும், ஒரு நாள் விளையாட்டே அலுத்தும் போகும். சொல்லாமல் கொள்ளாமல் அவர் எழுந்து போய்விட்டால் ஊர் யாருக்குச் சொந்தம்?

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கான பேர் வருடக்கணக்கில் உழைத்துக் கட்டிய ஊர்கள் இந்த ஒரு கேள்வியில் தடுக்கி விழுந்திருக்கின்றன.

முதல் தலைமை மாற்றம் சுமுகமாகத்தான் நடந்தது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் 1978ல் 'மட்' என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். பலர் ஒரே நேரத்தில் நுழைந்து உலவக்கூடிய எழுத்து உலகம் அது. படிப்பு முடியும் தறுவாயில், 1980ல், நிரலை நண்பர் ரிச்சர்ட் பார்ட்டிலிடம் ஒப்படைத்தார். பார்ட்டில் அதை வளர்த்துப் பெரிதாக்கினார். வாக்குப்பதிவும் இல்லை, தகராறும் இல்லை. காரணம் எளிது. கொடுத்தவரிடமே எல்லாச் சாவியும் இருந்தது, அவர் அத்தனையையும் கொடுத்தார்.

சிக்கல் ஆரம்பித்தது, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பதவியை மட்டும் கொடுக்கப் பார்த்தபோதுதான்.

1990ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'பார்க்' ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பாவெல் கர்ட்டிஸ், 'லாம்டாமூ' என்ற உலகத்தைத் திறந்தார். இதிலும் படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். தன் சொந்த வீட்டையே மாதிரியாக வைத்து அதன் நடு மாளிகையை அமைத்தார். வந்தவர்கள் ஆளுக்கொரு அறை, தோட்டம், சந்து பொந்து என்று கட்டிக்கொண்டே போக, அது ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கும் ஊராகிவிட்டது. கணினியின் வட்டில் எவ்வளவு இடம் ஒதுக்குகிறார்களோ அதுதான் அங்கே நிலம். நிர்வாகிகளுக்கு 'விஸார்டு', அதாவது மந்திரவாதி என்று பெயர். பஞ்சாயத்து எல்லாம் அவர்களிடம்தான் வரும். யார் யாரைத் திட்டினார், யாருக்கு எவ்வளவு இடம் என்று தினமும் வழக்கு!

சலித்துப்போன கர்ட்டிஸ் 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இனி விஸார்டுகள் தொழில்நுட்ப வேலையை மட்டும் பார்ப்பார்கள், ஊர் விவகாரங்களை ஊராரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல எண்ணம்தான். ஆனால் யாரிடம் கொடுத்தார்? அங்கே சபையும் இல்லை, தேர்தலும் இல்லை. நாற்காலியைக் காலி செய்தார், உட்கார ஆளைக் காட்டவில்லை.

மூன்றே மாதம். 1993 மார்ச்சில் 'மிஸ்டர் பங்கிள்' என்ற பெயரில் வந்த ஒருவர், ஒரு நிரலைப் பயன்படுத்தி, மற்றவர்களின் பாத்திரங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஆபாசமாக நடந்துகொள்வதுபோல் எழுத்தில் காட்டினார். ஊரே கொதித்தது. கூட்டம் போட்டார்கள். மணிக்கணக்காகப் பேசியும் முடிவு எட்டவில்லை. ஏனென்றால் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பதே யாருக்கும் தெரியாது. கடைசியில் ஒரு விஸார்டு தன்னந்தனியாக முடிவு செய்து அந்தப் பாத்திரத்தை நீக்கினார். ஜூலியன் டிபெல் என்ற பத்திரிகையாளர் அதே ஆண்டு இறுதியில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையால் இந்தச் சம்பவம் உலகப் புகழ் பெற்றது. இன்றும் இணையச் சமூகங்களைப் பற்றிப் படிப்பவர்களுக்கு அது பாடம்.

அதற்குப் பிறகுதான் முறையான ஏற்பாடு வந்தது. யார் வேண்டுமானாலும் மனு எழுதலாம். போதிய கையெழுத்து சேர்ந்தால் விஸார்டுகள் அதைப் பரிசீலிப்பார்கள். பிறகு வாக்கெடுப்பு. எதிர்ப்பு வாக்கு ஒன்றுக்கு ஆதரவு இரண்டு இருந்தால் வெற்றி. இடம் ஒதுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழுவும் இருந்தது. மூன்று வருடம் இப்படி ஓடியது. 1996 மே மாதம் இன்னொரு அறிவிப்பு வந்தது. தொழில்நுட்ப முடிவு வேறு, ஊர் முடிவு வேறு என்று பிரிப்பது நடக்கிற காரியமாக இல்லை, இனி ஊர் விவகாரங்களிலும் விஸார்டுகள் முடிவெடுப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். நம்பியவர்களுக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் பொய் இல்லை. ஊர் கூடி எந்தத் தீர்மானம் போட்டாலும், கட்டளையைத் தட்டச்சு செய்யும் விரல் விஸார்டுடையதாகவே இருந்தது.

பதவி ஒருவரிடம், பட்டா இன்னொருவர் பேரில்! நிஜ உலகத்தில் இப்படி இருந்தால் கோர்ட்டு, போலீஸ், சொந்தக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று எத்தனையோ வழி இருக்கிறது. மென்பொருளுக்குப் பட்டா மட்டும்தான் தெரியும்.

இதைப் புரிந்துகொண்டு, பட்டாவையே தேர்தலோடு கட்டிப்போட்ட விளையாட்டு ஒன்று உண்டு. சோனி ஆன்லைன் நிறுவனம் 2003 ஜூனில் வெளியிட்ட 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்'தான் அது. ராஃப் கோஸ்டரின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட அந்த விளையாட்டில், அதே ஆண்டு இறுதியில் ஆட்டக்காரர்களே நகரம் அமைக்கும் வசதி வந்தது. டாட்டூயீன், நபூ, கொரீலியா போன்ற கிரகங்களின் வெட்டவெளியில் ஒருவர் நகர மன்றக் கட்டடத்தை நிறுவுவார். அக்கம்பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்கள் அந்த ஊரின் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்வார்கள். ஆள் சேரச் சேர ஊர் ஐந்து படிகளில் வளரும். காவல் சாவடி மாதிரித் தொடங்குவது கிராமமாகி, பேரூராகி, நகரமாகி, கடைசியில் மாநகரமாகும். எல்லையும் கூடவே விரியும், ஆரம்பத்தில் 150 மீட்டர் ஆரம், உச்சத்தில் 450.

மேயர் பதவி என்றால் மாலையும் மரியாதையும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வாரமும் ஊரின் கட்டடங்களுக்குப் பராமரிப்புச் செலவு உண்டு. கஜானாவில் பணம் இல்லையென்றால் கட்டடங்கள் சிதையும். மேயர் வரி போடலாம், போட்டால் திட்டு வாங்கலாம். யார் எங்கே வீடு கட்டலாம் என்று அனுமதி கொடுக்கலாம், அடாவடி செய்பவரை ஊருக்குள் வரவிடாமல் தடை செய்யலாம். மருத்துவமனை, விடுதி, விண்ணோட நிலையம் எல்லாம் அவர் பொறுப்பு. கிட்டத்தட்ட ஊராட்சித் தலைவர் வேலை, அதுவும் சம்பளமில்லாமல்! சொல்லப்போனால் மாதச் சந்தா கட்டிப் பார்த்த வேலை.

இனி தலைமை மாற்றத்துக்கு வருவோம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை தேர்தல். மன்றத்தில் இருக்கும் வாக்கு இயந்திரத்தில் வேட்பாளராகப் பதியலாம். கடைசி வாரத்தில் புதிய வேட்பாளர் பதிய முடியாது, அதுவரை நின்றவர்களுக்குத்தான் வாக்கு. ஜெயித்தவருக்கு மன்றக் கட்டடத்தின் உரிமையும் தானாகவே மாறிவிடும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். பழைய மேயர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, சாவி கொடுக்க வேண்டியதில்லை. ஏன், அவர் விளையாட்டில் இருக்கவே வேண்டியதில்லை. லாம்டாமூவில் விஸார்டின் விரல் செய்ததை இங்கே இயந்திரம் செய்தது.

குறையும் இருந்தது. மேயர் தன் விருப்பப்படி "நாளையிலிருந்து இவர்தான்" என்று பொறுப்பை ஒருவரிடம் நேரடியாக ஒப்படைக்க முடியாது. வாரிசும் தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டும். அரசியல்வாதி என்று ஒரு தொழிலே அந்த விளையாட்டில் உண்டு. வேட்பாளருக்கு அதில் அரிச்சுவடியாவது தெரிந்திருக்க வேண்டும். அதன் அனுபவப் புள்ளிகளோ பதவியில் இருந்தால்தான் சேரும். பதவியில்லாமல் அனுபவமில்லை, அனுபவமில்லாமல் முழு அதிகாரமில்லை. சில பொதுக் கட்டடங்களை எழுப்பவும், ஊருக்கென ஒரு தனிச் சிறப்பைத் தேர்ந்தெடுக்கவும் அந்தத் திறன்கள் தேவைப்பட்டன. ஆகவே ஆள் மாறினால் ஊர் கொஞ்ச காலம் நொண்டும். எதிர்த்து யாரும் நிற்காவிட்டால், வராத மேயரே மேயராகத் தொடர்வார். ஆள் இல்லாத நாற்காலிக்கு ஏகமனதாகத் தேர்வு!

வெளியாட்கள் கூட்டமாக வந்து குடியேறி ஊரைக் கைப்பற்றும் அபாயமும் இருந்தது. ஒரு பாத்திரம் ஓர் ஊரில் மட்டுமே குடிமகனாக முடியும் என்ற விதியும், வீடு கட்ட மேயர் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடும் அதற்கு அணை போட்டன. குறைகள் எவ்வளவு இருந்தாலும், போன தலைவரைத் துரத்திக்கொண்டு போகாமல் ஊர் பிழைப்பதற்கு இதைவிட ஒழுங்கான வழியை அந்தக் காலத்து விளையாட்டுகளில் காண்பது அரிது.

தேர்தலே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, அதே 2003ல் வெளியான 'ஈவ் ஆன்லைன்' சாட்சி. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் நடத்தும் விண்வெளி விளையாட்டு. இங்கே ஊர் என்பது ஆட்டக்காரர்கள் கட்டிய விண் நிலையங்களும், அவற்றைச் சுற்றி அவர்கள் ஆளும் நட்சத்திர மண்டலங்களும். பல கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டணி. கூட்டணியின் கடிவாளம் அதில் ஒரு கழகத்தின் கையில். அந்தக் கழகத்தின் இயக்குநர்களில் யார் நினைத்தாலும் கூட்டணியையே கலைக்கலாம். ஒரு பொத்தான் போதும்.

2009 பிப்ரவரியில் அந்தப் பொத்தானை ஒருவர் அழுத்தினார். 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' அப்போது மிக வலிமையான கூட்டணிகளில் ஒன்று. 'கூன்ஸ்வார்ம்' அதன் பரம எதிரி. போரில் வருடக்கணக்காக முயன்றும் வீழ்த்த முடியாத கூட்டணியை, உள்ளேயிருந்து கட்சி மாறிய ஓர் இயக்குநர் உறுப்பினர்களை வெளியேற்றிக் கலைத்தே விட்டார். கூட்டணி என்ற பெயரில்தான் மண்டலங்களின் ஆட்சியுரிமை பதிவாகியிருந்தது. பெயர் போனதும் உரிமையும் போயிற்று. மறுபடி அதே பெயரில் கூடலாம் என்றால், எதிரிகள் அந்தப் பெயரையும் தங்கள் வசம் பதிவு செய்துகொண்டார்கள்! ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களில் ஒருவர்கூடத் தலைவரை மாற்ற வாக்களிக்கவில்லை. ஆனாலும் மென்பொருளைப் பொறுத்தவரை எல்லாம் சட்டப்படி நடந்தது. சிசிபி அதைத் திருப்பவில்லை.

பழமொழி சொல்வதுபோல, முற்பகல் செய்யின் பிற்பகல் விளைந்தது. ஜெயித்த கூன்ஸ்வார்ம் அதே டெல்வ் பகுதியில் குடியேறியது. 2009 டிசம்பரில் வந்த மாற்றத்தின்படி ஆட்சியுரிமையைத் தக்கவைக்கக் கூட்டணி கட்டணம் செலுத்த வேண்டும். 2010 ஜனவரி கடைசியில் கட்டணத்துக்குக் கணக்கில் பணம் இல்லை. பணத்தை மாற்றிப் போட வேண்டிய தலைமை அந்த நேரத்தில் ஆளைக் காணோம். எதிரி ஒரு குண்டு போடாமலே மண்டலங்கள் கைவிட்டுப் போயின. அடுத்த சில நாட்களில் அதே தலைவர் உறுப்பினர் கழகங்களை வெளியேற்றி, பணத்தையும் எடுத்துக்கொண்டு கூட்டணியைக் கலைத்துவிட்டார். ஒரு வருடம் முன்பு எதிரிக்கு நடந்ததேதான், கிட்டத்தட்ட நாள் கணக்குப் பிசகாமல். பின்னர் அவர்கள் புதுப் பெயரில் மீண்டும் கூடினார்கள் என்பது தனிக் கதை.

முதல் சம்பவம் துரோகம், இரண்டாவதில் பாதி அலட்சியம். ஆனால் இரண்டிலும் ஊர் விழுந்த விதம் ஒன்றே. ஆயிரம் பேர் உழைப்பு ஒரு அக்கவுண்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்தவர்கள் இதைக் கவனித்தார்கள் என்றே தோன்றுகிறது. 2010களில் 'மைன்கிராஃப்ட்' சர்வர்களில் பரவிய 'டவுனி' என்ற இணைப்பு மென்பொருளில் மேயர் தன் பதவியை ஒரே கட்டளையில் இன்னொருவருக்குத் தரலாம். மேயரின் கணக்கு நீக்கப்பட்டால் துணை மேயர்களில் ஒருவருக்குப் பொறுப்பு போகும், அவர்களும் இல்லையென்றால் வேறொரு குடியிருப்பாளருக்கு. யாருமே இல்லையென்றால்தான் ஊர் அழியும். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டிலும் சங்கத் தலைவர் நீண்ட நாள் வராவிட்டால் அடுத்த நிலையில் உள்ளவர் தலைமையைக் கேட்டுப் பெறும் வழி பிற்பாடு வந்தது. இரண்டிலும் தேர்தல் இல்லை. செத்தவர் சொத்து போல, வரிசைப்படி போகிறது.

கேலக்ஸீஸ் ஊர்களின் கதி? 2005 நவம்பரில் நிறுவனம் விளையாட்டின் அடிப்படையையே மாற்றியமைத்தது. பிடிக்காமல் பலர் வெளியேற, எத்தனையோ ஊர்களில் வீடுகள் பூட்டியபடி நின்றன. 2011 டிசம்பர் 15 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டன. எந்த ஊர் மேயரும் வாக்காளரும் அதில் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒவ்வொரு ஊரின் தேர்தலும் அதனதன் நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருந்ததால், அன்று பாதியில் நின்ற வாக்குப்பதிவுகளும் இருந்திருக்கும். பிறகு ரசிகர்கள் அந்த விளையாட்டை முதலிலிருந்து எழுதித் தங்கள் சொந்தச் சர்வர்களில் ஏற்றினார்கள். நகர மன்றத்தையும் வாக்கு இயந்திரத்தையும் மூன்று வாரக் கணக்கையும் மறக்காமல் சேர்த்திருந்தார்கள்.