காலிக் கல்வெட்டும் நம் கைபேசியும்

செங் ஹே, முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்படைத் தலைவர். அவர் கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட கல் 1911இல் காலியில் மதகு மூடியாகக் கிடைத்தது; இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது.

அதில் மூன்று மொழிகள், மூன்று செய்திகள். சீனம் புத்தருக்கும், தமிழ் தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கிறது. பாரசீகம் இஸ்லாத்தின் பேரில். நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டக்கூடிய அந்தப் பாரசீகம்தான் அதிகம் தேய்ந்துபோயிற்று, என்ன செய்ய!

சீனம் தெளிவாக இருந்தும் நமக்குப் பூட்டு. ஓசை தெரியாத எழுத்தை அகராதியில் எப்படித் தேடுவது? 1716இன் காங்சி அகராதியில் 214 அடிப்படைக் குறிகளில் உரியதைப் பிடித்து, மிச்சக் கோடுகளை எண்ண வேண்டும். இப்போது பிளெக்கோ போன்ற செயலியில் விரலால் வரைந்தால் போதும்.

திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்தபடியே கல்லின் முதல் எழுத்தை வரைவோம்: ஒரு குறுக்குக் கோடு, அதை வெட்டி இடப்பக்கம் சரியும் கோடு, வெட்டிய இடத்திலிருந்து வலப்பக்கம் இறங்கும் கோடு. 'தா', பெரிய. அடுத்தது 'மிங்', அரச வம்சத்தின் பெயர்.