திரூர் சொசைட்டியும் நம்ம கழனியும்

ஆவடியில் இருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன் வரும் இல்லையா, அதற்குப் பக்கத்தில்தான் திரூர் இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ல் அந்த ஊரில்தான் ஆரம்பித்தது. அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். தினமும் அந்த வழியாகப் போய் வருகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தக் காலத்தில் விதை நெல்லுக்கும் உழவு மாட்டுக்கும் வட்டிக்காரரிடம்தான் கை நீட்டணும். அறுத்த நெல் களத்துமேட்டிலேயே வட்டிக்குப் போய்விடும். இதற்கு என்ன வழி என்று பார்க்கச் சொல்லி மதராஸ் அரசாங்கம் பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அவருடைய அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக வந்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்று ஒரு ஊர்த் தலைவர் நடத்திய சங்கங்களை அவர் முக்கியமாகச் சொன்னார். ஒரே ஊர்க்காரர்கள், ஒருத்தரை ஒருத்தர் தெரிந்தவர்கள், ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழுவில் ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்ற பேரெல்லாம் அவள் வீட்டு வாசலில் போய் நிற்கிறோமே, அது ஜெர்மனிக்காரர் யோசனையா!

1904 மார்ச் 25-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருஷமே திரூர் சங்கமும் வந்தது.

திரூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்று வரும் நெல் ரகமெல்லாம் திரூர்க்குப்பம் பெயரில் வந்ததுதான். டி.கே.எம்.6 தண்டுத் துளைப்பானைத் தாங்கும் ரகம். அதை ஒட்டுச் சேர்த்துத்தான் ஐ.ஆர்.20 உருவானது. "ஐ.ஆர்.20 சோறு மாதிரி வருமா" என்று எங்க மாமியார் இன்றைக்கும் சொல்வாங்க.

கழனிதான் குறைந்துபோச்சு. 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. வேலை கிடைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிறகு மனைப்பிரிவு வந்தது பாருங்கள், அதுதான் வாய்க்காலையே தூர்த்துவிட்டது. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரி முன்பு பாசனத்துக்கு. இன்றைக்கு அது சென்னைக்குக் குடிதண்ணீர்.

இந்த வரலாறு முழுக்கத் தேடினாலும் பெண்கள் பெயர் கண்ணில் படுவது அபூர்வம். நாற்று நடுவதும் களை எடுப்பதும் நாம்தான். ஆனால் பயிர்க்கடனுக்குப் பட்டா, அடங்கல் வேணும், பட்டா ஆண்கள் பேரில். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 1989-ல் வந்தது, அதுவும் மார்ச் 25-ல் இருந்து! நடுவில் சரியாக 85 வருஷம். அதற்கு முன்னாடியே கல்யாணம் ஆனவர்களுக்கு அதில் பங்கு இல்லை. எங்க மாமியார் அப்படித்தான் விடுபட்டாங்க. 2005-ல் மத்திய சட்டம் அந்தத் தடையை எடுத்தது. அதற்குள் அவங்க அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்துவிட்டார்கள்.

2021-ல் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் கடன் யார் பேரில் இருக்கோ அவருக்குத்தானே தள்ளுபடி? நாற்பது வருஷம் சேற்றில் நின்ற எங்க மாமியார் பேரில் சொசைட்டியில் ஒரு பங்குகூடக் கிடையாது.

இப்போது எங்கள் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, நவரைப் பட்டத்தில் நெல்லும் ஓரமாகக் கத்தரியும் போட்டிருக்கிறோம். பணம் குழுவின் உள்கடன். அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எங்கள் பெயர் ஏறணும் என்று போன மாதக் கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நிலத்துக்காரர் யோசிக்கிறார். அறுவடைக்குள் மறுபடியும் போய்க் கேட்கப் போகிறோம்.